குதிரை முட்டையும் போக்கர் பந்தயமும்

ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு வாலிபத் தோழர் நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இதே கேள்வியை இன்று அநேக வாலிபர்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனதிற்குள் வைத்துக் கொண்டிருப்பதாகத் தோன்றுவதால், தனிக் கடிதமாகப் பதில் எழுதாமல் இங்கேயே எழுதுகின்றோம். அவர் சொல்லுவதாவது: "கைப்பேசியில் போக்கர் என்னும் சீட்டாட்டத்திற்குத் தகுதிப் பந்தயம் ஒன்று நடக்கிறது. 110 ரூபாய் கட்டினால் போதும். 100 பேரில் முதலாவதாக வந்தால் 10,000 ரூபாய் கட்டணமுள்ள பெரிய பந்தயத்தில் இடம் கிடைக்கும். இது ஜாதகம் பார்த்து ஆடுவதல்ல; கணக்குப் போட்டு ஆடுவது. கோர்ட்டாரே இது திறமை ஆட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். தலைவிதியையும் ஜோசியத்தையும் கண்டிக்கிற நீங்கள் கணக்கையும் கண்டிப்பீர்களா?"

கணக்கை நாம் ஒருநாளும் கண்டிக்க மாட்டோம். கணக்கை முழுவதும் போடாமல் பாதியில் நிறுத்திக் கொள்ளுவதைத்தான் கண்டிக்கிறோம். தோழர் போட்ட கணக்கு 110 ரூபாய்க்கு 10,000 ரூபாய் என்பதோடு நின்று விட்டது. மீதிக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம்.

100 பேர் ஆளுக்கு 110 ரூபாய் கட்டினால் மொத்தம் 11,000 ரூபாய். இதில் 1,000 ரூபாயை ஆட்டம் நடத்துகிற கம்பெனி முதலிலேயே எடுத்துக் கொள்ளுகிறது. மிச்சம் 10,000 ரூபாய் ஜெயித்தவன் கைக்கு வருகிறதா என்றால், அதுவும் இல்லை. அது பெரிய பந்தயத்தின் நுழைவுக் கட்டணமாக மறுபடியும் அதே கம்பெனியிடம் போய்ச் சேருகிறது. அங்கும் 1,000 ரூபாய் கம்பெனிக்கு என்று வைத்துக் கொண்டால், ஏழைகளின் 11,000 ரூபாயில் 2,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு 18க்கு மேல், ஒரு சீட்டையும் தொடாதவன் பெட்டிக்குப் போய்விட்டது. பெரிய பந்தயத்தில் 1,000 பேர் உட்கார்ந்தால் ஏதோ 100 அல்லது 150 பேருக்குத்தான் ஏதாவது திரும்பக் கிடைக்கும். எல்லோரும் சமமாக ஆடத் தெரிந்தவர்கள் என்றே வைத்துக் கொள்ளுவோம். அப்போது 110 ரூபாய் கட்டியவன் பெரிய பந்தயத்தில் ஒரு காசாவது பார்ப்பது 10,000 தடவைக்கு 10 முதல் 15 தடவை. முதல் பரிசைப் பார்ப்பது லட்சம் தடவைக்கு ஒரு தடவை. தினம் ஒரு பந்தயம் ஆடினாலும் லட்சம் பந்தயத்திற்கு 270 வருஷத்திற்கு மேல் ஆகும். அவ்வளவு ஆயுசைக் கம்பெனிக்காரனும் கொடுக்க மாட்டான். தோழர் நம்பாத கடவுளும் கொடுக்க மாட்டார்.

தோற்றவனை அத்துடன் வீட்டுக்கு அனுப்பினாலும் 110 ரூபாயோடு போயிற்று என்று இருக்கலாம். "மறுபடியும் 110 கட்டினால் மறுபடியும் உட்காரலாம்" என்று இடம் வைத்திருக்கிறார்களே, அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்ணி வைக்கிறவன் தானியத்தை ஒரே பிடியாகப் போட மாட்டான்.

இந்தக் கதையை ஏலாக்குறிச்சிக்காரருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. இத்தாலியிலிருந்து வந்து அவ்வூரில் தங்கிக் கோயில் கட்டிய வீரமாமுனிவர் என்னும் பாதிரியார் எழுதியதுதான் பரமார்த்த குரு கதை. அவருடைய மதத்திற்கும் நமக்கும் வெகு தூரம் என்றாலும், மூடர்களை அவர் படம் பிடித்ததில் குற்றம் சொல்ல முடியாது. குருவுக்குக் குதிரை வேண்டும். குதிரை வாங்கப் பணமில்லை. வயலில் கிடந்த பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஒருவன் சொல்ல, சீடர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். வழியில் காய் விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் எழுந்து ஓடுகிறது. உடனே "குட்டி ஓடுகிறது, பிடி, பிடி" என்று அதன் பின்னே ஓடுகிறார்கள். குதிரை விலை அதிகம், முட்டை விலை குறைவு என்கிற அதே நியாயந்தானே, பந்தயக் கட்டணம் 10,000, தகுதிப் பந்தயம் 110 என்பதும்? இதில் கவனிக்க வேண்டியது அந்த முயல்தான். முயல் மட்டும் ஓடாமல் இருந்தால் சீடர்களுக்குப் புத்தி வந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் இதை நன்றாக அறிந்து, அவ்வப்போது ஒரு முயலை ஓட விடுகிறார்கள்.

அப்படி ஓடிய முயல்களில் பெரிய முயல் அமெரிக்காவில் 2003ஆம் வருஷம் ஓடிற்று. டென்னசி மாகாணத்தில் கணக்கு எழுதிப் பிழைத்து வந்த கிறிஸ் மணிமேக்கர் என்பவர் 86 டாலர் கட்டி இன்டர்நெட்டில் ஒரு தகுதிப் பந்தயம் ஆடி, அதன் மூலம் 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் பந்தயத்தில் இடம் பெற்று, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அவர் குடும்பப் பெயருக்கே 'பணம் பண்ணுகிறவர்' என்று அர்த்தம். எந்த விளம்பரக்காரனும் இதைவிட நல்ல பெயரைக் கற்பனை செய்திருக்க முடியாது! மறு வருஷம் அதே பந்தயத்தில் 2,576 பேர் வந்து உட்கார்ந்தார்கள். 2006இல் 8,773 பேர். இன்றுவரை தகுதிப் பந்தயம் என்றால் அவர் பெயரைத்தான் சொல்லுகிறார்கள். அவரோடு அன்று 86 டாலர் கட்டித் தோற்றவர்கள் பெயரை யாராவது சொல்லுகிறார்களா? பழைய கிரேக்க தேசத்தில் தியாகோரஸ் என்று ஒரு நாத்திகர் இருந்தார். புயலில் தப்பியவர்கள் கோயிலில் காணிக்கையாக வைத்த படங்களை அவருக்குக் காட்டி, "இதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்டார்களாம். "வேண்டிக் கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படம் எங்கே?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். கோயில் சுவரைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியைக் கைப்பேசித் திரையைப் பார்த்தும் கேட்க வேண்டாமா?

நிற்க, திறமை என்கிற வாதத்தைத் தட்டிக் கழிக்க நாம் விரும்பவில்லை. போக்கரில் திறமை இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடித் தருகிறார்கள்; ஐந்து சீட்டு நடுவில் திறந்து வைக்கிறார்கள்; ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவன் ஜெயித்தவன். கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் பணத்தை உயர்த்தி, உள்ளவனைப் பயமுறுத்தி எழுப்பிவிடவும் முடியும். இதற்குக் கணக்கும், பொறுமையும், எதிரியின் மனதை அறிகிற புத்தியும் வேண்டும். ஆயினும் கையில் இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவைதான். அப்படி வந்த பிறகும், ஏதோ ஒரு கையை வைத்திருக்கும் ஒரே எதிரியிடம் நூற்றுக்குப் பதினைந்து தடவை தோற்க நேரிடும். ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடினால்தான் திறமை மேலே வரும். தகுதிப் பந்தயத்திலோ போகப் போகக் கட்டாயப் பந்தயத் தொகை உயர்ந்து கொண்டே வருவதால், பொறுத்திருந்து ஆடவும் வழியில்லை. திறமைசாலிக்கே இந்தக் கதி என்றால் புதிதாக வந்தவன் கதி என்ன?

திறமை என்றே முழுவதும் ஒப்புக் கொள்ளுவோம். அப்படியானால் உலகத்தில் அதிகத் திறமைசாலி யார்? 2017 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ராட்டஸ் என்னும் கம்ப்யூட்டர், போக்கரையே தொழிலாகக் கொண்ட நான்கு பேரோடு இருபது நாள் 1,20,000 ஆட்டம் ஆடி அவர்களைத் தோற்கடித்தது. 2019இல் புளூரிபஸ் என்னும் மற்றொன்று ஆறு பேர் ஆட்டத்திலும் கைதேர்ந்தவர்களை ஜெயித்தது. கிணற்றடியில் மங்காத்தா ஆடினவனுக்காவது எதிரில் உட்கார்ந்திருப்பவன் முகம் தெரியும்; அவன் தோற்றால் அவன் பெண்சாதி வந்து வாசலில் நின்று அழுவதும் தெரியும். நடு ராத்திரியில் கொள்ளிடக் கரைக் கிராமத்தில் கைப்பேசியைப் பிடித்துக் கொண்டிருக்கும் தோழருக்கு, எதிரே இருப்பது மனிதனா, யந்திரமா, ஒரே ஆள் நான்கு பெயரில் உட்கார்ந்திருக்கிறானா என்று எப்படித் தெரியும்? தெரியாததை நம்பி முதல் போடுவதற்கு நம்பிக்கை என்று பெயரே ஒழிய, திறமை என்று பெயரல்ல.

இனி, கோர்ட்டாரின் தீர்ப்பு. ரம்மியில் திறமையே முக்கியம் என்று சுப்ரீம் கோர்ட்டார் 1967இல் சொன்னார்கள். மேற்கு வங்காளச் சட்டம் 1957 முதலே போக்கரைச் சூதிலிருந்து நீக்கி வைத்திருக்கிறது. குஜராத் ஐகோர்ட்டாரோ 2017இல் போக்கர் சூதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கல்கத்தாவில் திறமையாக இருக்கிற சீட்டு, ரயிலேறி ஆமதாபாத்தில் இறங்கினால் சூதாகி விடுகிறது. நமது மாகாணத்திலோ விசித்திரம் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட தடையை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டார் தள்ளி விட்டார்கள். பிறகு ஜஸ்டிஸ் சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் சட்டசபை புது மசோதா நிறைவேற்றிற்று. அது கவர்னரிடம் மாதக் கணக்கில் கிடந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் சட்டசபையில் நிறைவேறி, ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. இதற்கிடையில் கடன்பட்டு உயிரை மாய்த்துக் கொண்டவர்கள் செய்தி பத்திரிகைகளில் வந்து கொண்டே இருந்தது. அதே வருஷம் நவம்பரில் ஐகோர்ட்டார் சட்டத்தை வைத்துக் கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து எடுத்து விட்டார்கள். தோழர் எடுத்துக் காட்டும் தீர்ப்பு இதுதான். ஆனால் கோர்ட்டார் சொன்னது சட்டத்திற்கு அர்த்தமே தவிர, 110 ரூபாய்க்கு உத்தரவாதமல்ல. குஸ்தியும் திறமைதான், அதற்காகச் சோனிப் பையனைக் கோதாவில் இறக்கிவிட்டு நுழைவுச் சீட்டு விற்பது நியாயமாகி விடுமா?

அன்றியும், அந்தத் தீர்ப்பைக் கொண்டு இன்று நியாயம் பேசவும் இடமில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாது என்று இந்தியப் பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில் சட்டம் செய்து, 22ந் தேதி ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்து விட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதித்திருக்கிறார்கள். இதற்கு விரோதமான வழக்குகளைச் சுப்ரீம் கோர்ட்டார் 2025 செப்டம்பரில் தங்களிடமே மாற்றிக் கொண்டார்கள். உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் அந்த ஆகஸ்டிலேயே பண ஆட்டத்தை நிறுத்தின. தோழருக்கு வந்திருப்பது வெளிநாட்டுக் கம்பெனியின் அழைப்பு என்று அவரே எழுதுகிறார். வெளிநாட்டிலிருந்து இங்குள்ளவர்களுக்கு நடத்துவதும் அச்சட்டத்திற்குள் வருவதுதான்.

இந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தை நாம் பாராட்டுகிறோம். 2022ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆடுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை என்றது. 2025ஆம் வருஷத்துச் சட்டம் ஆடுகிறவனைத் தண்டிக்கவில்லை. ஏமாந்தவனைக் குற்றவாளியாக்கினால் அவன் வாயைத் திறக்க மாட்டான். ஏமாற்றினவனுக்குத்தான் அது சௌகரியம்.

ஆனால் சர்க்காரின் யோக்கியதையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 அக்டோபர் 1ந் தேதி முதல், கட்டுகிற பணம் முழுவதற்கும் நூற்றுக்கு 28 வரி. ஜெயித்த நிகரத் தொகையில் நூற்றுக்கு 30 பிடித்தம் என்று வாங்கிக் கொண்டிருந்ததும் இதே இந்திய சர்க்கார்தான். தமிழ்நாட்டிலும் 1968இல், நம்மவர்கள் என்று நாம் சொல்லிக் கொள்ளும் மந்திரிசபையே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்து, 2003இல்தான் லாட்டரி ஒழிந்தது. யார் செய்தாலும் சூது சூதுதான். தர்மபுத்திரர் ஆடினார் என்பதற்காக அதைத் தர்மம் என்று சொன்ன புராணக்காரனை நாம் கேலி செய்துவிட்டு, நம்மவர் செய்ததை மட்டும் மூடி வைப்பது யோக்கியமாகாது.

தோழர் கடிதத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "கூலி வேலைக்குப் போய் எத்தனை வருஷத்தில் நான் ஒரு லட்சம் பார்ப்பது?" என்று கேட்கிறார். மற்ற வாதங்களெல்லாம் இதற்குப் போட்ட சட்டை என்றே நாம் நினைக்கிறோம். அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக் கல்லை வெட்டி சிமெண்டு ஆக்கிப் பல கம்பெனிகள் செழிக்கின்றன. கரும்பும் நெல்லும் விளைகின்றன. அங்கே பிறந்த வாலிபன் தன் உழைப்பால் ஒரு லட்சம் சேர்க்க வழி காணாமல் சீட்டைப் பார்க்கிறான் என்றால், அது அவன் குற்றம் மட்டுமல்ல. நியாயமான கூலி இல்லாத இடத்தில்தான் அதிர்ஷ்டத்திற்குக் கிராக்கி. ஆனால் இந்தப் பந்தயத்தில் வருகிற லட்சம் சிமெண்டு முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதல்ல. அவரைப் போலவே கூலிக்குப் போய் 110 ரூபாய் கட்டின ஆயிரம் பேர் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வருகிறது. கம்பெனி ஒரு காசு சேர்ப்பதில்லை. எடுத்துக் கொண்டு மிச்சத்தைத்தான் தருகிறது. பிறர் உழைப்பில் உண்பதைப் பூணூல் போட்டவன் செய்தால் அக்கிரமம், நான் கணக்குப் போட்டுச் செய்தால் திறமை என்று தோழர் சொல்லுவாரா?

பணம் கட்டி ஆடி, ஜெயித்த பணத்தைக் கம்பெனி தராமல் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு சொல்லுகிறது. திறமை ஆட்டத்துக்கு அது பொருந்தாது என்று வக்கீல் வாதாடலாம்; அந்த வாதத்தையும் கடல் கடந்த கம்பெனியிடம் போய்த்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலேயே 2011 ஏப்ரல் 15ந் தேதி சர்க்கார் மூன்று பெரிய போக்கர் கம்பெனிகளின் வாசலை மூடியபோது, அதில் ஒன்றான ஃபுல் டில்ட்டில் பணம் வைத்திருந்தவர்களுக்கு 2014இல்தான் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தது. அங்கே பிடிக்க ஒரு சர்க்கார் இருந்தது. எந்தத் தீவில் பதிவு செய்திருக்கிறது என்றே தெரியாத கம்பெனியை ஏலாக்குறிச்சியிலிருந்து யார் பிடிப்பது? ஏற்கனவே பணத்தைப் பறிகொடுத்த தோழர்கள் யாரேனும் அவ்வூரில் இருந்தால், வெட்கப்பட்டுக் கொண்டு ஆப்பில் கடன் வாங்கி மறுபடியும் கட்டாமல், 1930 என்ற எண்ணில் சைபர் போலீசாரிடம் உடனே சொல்லட்டும். பணம் போய் எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறார்களோ, அதைப் பாங்கியில் தடுத்து நிறுத்துவதற்கு அவ்வளவு வழி உண்டு.