நடத்துநர் கற்ற தமிழும் நாம் மறந்த தமிழும்

சங்க மலரில் திரைப்பட நடிகரைப் பற்றிய கட்டுரை இடம்பெறலாமா என்று நம்முள் மூத்தோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறளுக்கும் சிலம்புக்கும் உரிய ஏட்டில் கூத்துக் கலைஞர்க்கு என்ன வேலை என்பது அவர்தம் வினா. வினா நேரியதே. ஆயினும் நம் வீட்டுக் கூடங்களில் சிலப்பதிகாரம் எத்தனை உண்டு, இந்நடிகரின் படம் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தால், விடையும் நேரியதாகவே இருத்தல் வேண்டும். போற்றுவதாகச் சொல்லிக்கொள்வதை விடுத்து, உண்மையில் நாம் போற்றி வருவதைப் பற்றி ஒருமுறையேனும் பேசுவோம்.

ரஜினிகாந்த் திரைக்கு வந்து 2025 ஆகஸ்டில் ஐம்பதாண்டு நிறைந்தது. பெங்களூர்த் தமிழராகிய நமக்கு அதில் தனிப் பெருமிதம். "நம் ஊர்ப் பிள்ளை" என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். அப்பெருமிதத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதன் அடியில் ஒளிந்து கிடக்கும் இரண்டு பொய்களையே பழிக்கின்றோம்.

முதற்பொய், நடத்துநராய் இருந்தவரை நல்லூழ் ஒரே நாளில் நட்சத்திரம் ஆக்கிற்று என்பது. உண்மை வரலாறு வேறு. 1950 டிசம்பர் 12ஆம் நாள் இந்நகரில், மராத்தி பேசும் எளிய குடும்பம் ஒன்றில், சிவாஜி ராவ் கெய்க்வாட் பிறந்தார். தந்தையார் காவலர். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்தார். கவிபுரத்துக் கன்னடப் பள்ளியில் பயின்றார். இராமகிருஷ்ண மடத்து நாடகத்தில் ஏகலைவனின் தோழனாய் வேடம் பூண்டார். பள்ளிப் படிப்புக்குப் பின் மூட்டை தூக்குவது உட்படக் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். பின்னரே பி.டி.எஸ். பேருந்தில் நடத்துநர் ஆனார். பகலில் பயணச்சீட்டுக் கிழித்த கை, ஓய்ந்த வேளையில் கன்னடப் புராண நாடகங்களில் கதை ஏந்திற்று.

1973இல் சென்னை சென்று நடிப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது அவருக்குத் துணை நின்றவர், உடன் பணியாற்றிய ஓட்டுநர் ஒருவர். 2021 அக்டோபரில் தாதா சாகேப் பால்கே விருதைப் பெற்ற மேடையில், தம் ஆசான் கே. பாலசந்தரோடும் தமையனாரோடும் அந்த ஓட்டுநர் நண்பரையும் அவர் நினைவுகூர்ந்தார். உழைப்பாளி ஒருவனின் திறமையை முதலில் கண்டவன் மற்றோர் உழைப்பாளி. இதனை 'நல்லூழ்' என்று சொல்லி முடித்துவிடுவது அவ்விருவர் உழைப்பையும் இகழ்வதாகும்.

திரைக்கு வந்த பின்னரும் வழி எளிதாய் அமையவில்லை. 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஏற்றது சிறு வேடம். நோயுற்று மடியும் கணவன். 1976இல் 'மூன்று முடிச்சு', 1977இல் '16 வயதினிலே' என அடுத்தடுத்துத் தீயவன் வேடங்கள். அதே 1977இல் 'புவனா ஒரு கேள்விக்குறி'யில்தான் நல்லவனாய் நிற்க இடம் கிடைத்தது. தனி நாயகனாக வந்த 'பைரவி'யும், நடிப்பின் ஆழத்தைக் காட்டிய மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படமும் 1978ஆம் ஆண்டினவை. ஒரே நாளில் நிகழ்ந்ததாக நாம் கதை பேசும் உயர்வுக்கு, பயிற்சியும் காத்திருப்புமாக ஐந்தாண்டுகள் தேவைப்பட்டன. இதனை மறைத்துச் சிகரெட்டைச் சுழற்றும் கைவித்தையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால், அவர்கள் கைவித்தையைத்தானே கற்பர்?

இரண்டாம் பொய் இதனினும் கொடிது. "தமிழே தாய்மொழியாய் இல்லாதவர் தமிழ்நாட்டை வென்றார், ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன குறை?" என்று கேட்போர் நம்முள் பெருகிவிட்டனர். இவ்வினாவைத் தொடுப்போர் அவர் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கின்றனர். நடிப்புப் பயிற்சிக் காலத்தில் அவரைக் கண்ட பாலசந்தர் முதலில் கூறிய அறிவுரை, தமிழ் பேசக் கற்றுக்கொள் என்பதே. அவரும் விரைந்து கற்றார். அவர் தமிழில் பிறமொழிச் சாயல் இருந்தது. அதனை எள்ளியோரும் இருந்தனர். எள்ளலுக்கு அஞ்சி அவர் வாய் மூடவில்லை. வீட்டில் மராத்தியும் பள்ளியில் கன்னடமும் பெற்ற ஒருவர், இருபது வயதைக் கடந்த பின் மூன்றாவதாய் ஒரு மொழியை உழைத்துப் பெற்றார். நாமோ தொட்டிலிலேயே கிடைத்த மொழியைத் தூக்கி எறிகின்றோம். வென்றவர் யார், தோற்றவர் யார்?

"இங்குச் சூழல் இல்லை" என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. அதனை மறுப்பது அறமாகாது. 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு மூண்ட கலவரத்தை இந்நகர்த் தமிழர் மறக்க இயலாது. தெருவில் தாய்மொழி பேச அஞ்சிய நாள்கள் அவை. அவ்வாண்டே நிறுவிய வள்ளுவர் சிலை மூடுதுணிக்குள் பதினெட்டு ஆண்டுகள் கிடந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் அல்சூரில் வெளிச்சம் கண்டது. ஆனால் அன்பர்களே, சிலைக்கு மூடுதுணி இட்டவர் பிறர். நம் பிள்ளைகளின் நாவுக்கு மூடுதுணி இட்டவர் யார்? வீட்டுக் கூடத்தில் மாலை அரைமணி நேரம் 'அ, ஆ' எழுதக் கற்பிக்க எந்த அரசாணை தடையாய் நின்றது? சிலை திறக்கக் கூடிய நாம், அதன் அடியில் நின்று ஒரு குறளை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத தலைமுறையை வளர்த்திருக்கின்றோம். இப்பழியில் நமக்கும் பங்குண்டு.

மற்றொரு சாராரையும் விட்டுவிட இயலாது. முப்பதாண்டு இம்மண்ணின் நீரைக் குடித்தும் கன்னடத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாததைத் தமிழ்ப்பற்று என்று இவர்கள் எண்ணுகின்றனர். இதுவும் பற்றன்று, சோம்பல். தமிழில் அறிமுகமான மறு ஆண்டே புட்டண்ண கனகாலின் 'கதா சங்கம' என்ற கன்னடப் படத்தில் அந்நடிகர் நடித்தார். ஒரு மொழியைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க வேண்டும் என்பது சோம்பேறிகள் வகுத்த கணக்கு.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. அவர் படத்தின் முதற்காட்சிக்குப் பிள்ளையைத் தோளில் சுமந்து செல்லுங்கள், தடை இல்லை. ஆனால் திரையில் படத்தின் பெயர் தமிழ் எழுத்தில் ஒளிரும்போது, அரங்கத்தின் ஆரவாரத்திற்கு முன்னே, அதனை அப்பிள்ளையே வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அது இயலாத வரையில் "நம் ஊர்ப் பிள்ளை" என்று அவரைச் சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கு வாராது.