சேந்தமங்கலத்துச் சிறை

திண்டிவனத்துக்கு வடமேற்கே, வந்தவாசியை அடுத்துத் தெள்ளாறு என்னும் ஊர் உளது. மூன்றாம் நந்திவர்ம பல்லவன் அங்கே பெற்ற வெற்றியை நந்திக் கலம்பகம் பாடுதலால், அவ்வூர்ப் பெயர் தமிழ் கற்றார் நாவில் நிலைத்துவிட்டது. அதே மண்ணில் 1231ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த மற்றொரு போரை அறிந்தாரோ மிகச் சிலர். அப்போரில் தோற்றவனும் தமிழன், வென்றவனும் தமிழன், ஊதியம் கொண்டவன் மட்டும் தமிழனல்லன்.

வென்றவன் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன். அவன் முன்னோர் திருமுனைப்பாடி நாட்டில் சோழர்க்காகப் பாடிகாவல் பூண்டு, சோழர் நிழலிலேயே வளர்ந்தவர்கள். பாண்டியன் படையெடுப்பில் தஞ்சையும் உறந்தையும் எரியுண்டு, பறித்த முடியை அவனே மீளத் தரப் பெற்றுச் சோழப் பேரரசு ஒடுங்கியிருந்த காலம் அது. காவற்குடி கண் திறந்தது. மூன்றாம் இராசராசனைத் தெள்ளாற்றில் வென்று, தன் தலைநகராகிய சேந்தமங்கலத்துக்குக் கொண்டுசென்று சிறையிட்டான் காடவன்.

பின் நிகழ்ந்ததைக் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. போசள மன்னன் இரண்டாம் நரசிங்கன் துவரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டுப் பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான். அவர்கள் வந்த வழியெல்லாம் ஊர்களை அழித்தனர். திருவதிகை அழிந்தது, திருவக்கரை அழிந்தது, கடற்கரைப் பட்டினங்கள் எரிந்தன, குடிநீர்க் கால்கள் சிதைந்தன, பெண்டிர் பிடிபட்டனர். சேந்தமங்கலத்தை முற்றுகையிட முனைந்தபோதுதான் காடவன் அஞ்சிச் சோழனை விடுவித்தான். காடவன் கோட்டையில் ஒரு கல்லும் பெயருமுன்னரே நடுநாட்டு உழவன் வீடு எரிந்துவிட்டது.

நரசிங்கனுக்குச் ‘சோழராச்சிய பிரதிட்டாசாரியன்’ என்றொரு பட்டம். (அதனை வடமொழியிற் சூட்டியதும் பொருத்தமே; தமிழனை அரியணையில் ஏற்றிவைக்கும் உரிமையைத் தமிழில் எங்ஙனம் ஒருவன் கேட்பான்?) உதவிக்கு வந்தவர் ஊர் திரும்பினரா? இல்லை. அவன் மகன் சோமேசுவரன் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகரே அமைத்துக்கொண்டான். இன்று சோழன் பக்கம், நாளை பாண்டியன் பக்கம் என்று தமிழகத்தின் துலாக்கோல் கன்னடன் கையிற் சென்றது.

இக்காலத்தில் இந்த வரலாற்றைப் பேசுவோர் பலர் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றனர். காடவன் எங்கள் குடி என்று ஒரு சாரார் சுவரொட்டி ஒட்டுகின்றனர். சோழன் எங்கள் குடி என்று மறுசாரார் விழா எடுக்கின்றனர். கோப்பெருஞ்சிங்கனை இரண்டகன் என்று முடித்துவிடுதல் எளிது. செந்தமிழ் வாழப் பிறந்தவன் என்று கல்வெட்டிற் புகழப்பெற்றவன் அவன். அவன் குடி தில்லைக் கோபுரத் திருப்பணியும் செய்தது. தமிழ்ப்பற்று அவனிடம் குறைவில்லை. ஆனால் அப்பற்று அவன் மதிலோடு நின்றுவிட்டது. சோழனோ அதனினும் குறைந்தவன். தன் நாட்டுத் தலைவர்களை அரவணைக்க மாட்டாது போசளன் துணையையே நம்பிக் கிடந்தான். இருவரும் ஒரு நாள் உடன் அமர்ந்து பேசியிருப்பின், தண்டநாயகர் இருவர்க்கும் இங்கே என்ன வேலை? தம்முட் பிணங்கியபின் வழக்கைத் தில்லிக்குக் கொண்டுபோகும் இன்றைய தமிழ்த் தலைவர்கள் இக்கல்வெட்டை ஒருமுறை படித்தல் நன்று.

வெற்றியும் நிலைக்கவில்லை. பின்னர்ச் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, காடவன் யானைகளையும் செல்வத்தையும் கைக்கொண்டு, நாட்டை மட்டும் திருப்பித் தந்தான். 1279ஐ ஒட்டிச் சோழர் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. காடவர் கல்வெட்டுகளும் அதே காலத்தில் நின்றுபோகின்றன. சிறையிட்டவனும் சிறைப்பட்டவனும் விட்டுச்சென்ற அரசுகள் ஒருங்கே மறைந்தன.

2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும் வரை சேந்தமங்கலம் விழுப்புரம் மாவட்டத்தின் ஊரே. சிதைந்த கோயிலும் கற்குதிரைகளும் அங்கே நிற்கின்றன. விழுப்புரத்துப் பள்ளிகளும் திண்டிவனத்துப் பள்ளிகளும் கல்மரம் காட்ட மாணவரைத் திருவக்கரைக்கு அழைத்துச் செல்கின்றன. அந்த ஊரை அழித்தவர் யார், அவர்கள் வர வழிவகுத்தவர் யார் என்பதையும் அங்கேயே நின்று சொல்லலாம். ஆசிரியர்க்கு அரை மணி நேரம் போதும்.