சித்தப்பாவின் ஜீப்பும் பின் ஆக்சில் பல் கணக்கும்

திருவரங்குளத்தில் சித்தப்பா வீட்டு வேப்பமரத்தடியில் மூன்று மாதமாக ஒரு ஆக்சில் கிடக்கிறது. மேலே சாக்கு போர்த்தியிருக்கும். போன முறை போனபோது அதன் மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. "எடைக்குப் போட்டாலாவது காசு வரும்" என்று சித்தி சொல்லும்போதெல்லாம் சித்தப்பா காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

அந்த ஆக்சில் ஏறவேண்டிய வண்டி பக்கத்திலேயே நிற்கிறது. 1974-ல் பதிவான மகிந்திரா ஜீப் பிக்கப். பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர், தேவைப்பட்டால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை. தங்கச்சி கல்யாணமாகி திருச்சிக்குப் போனதிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரே ஆசைதான். தோட்டத்துப் பலாப்பழத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இந்த வண்டியிலேயே மகள் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும்.

ஆலங்குடி சாலையில் 40-ல் போகிறவரை வண்டி தங்கம். புதுக்கோட்டையைத் தாண்டி திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியதும் சோதனை ஆரம்பிக்கும். 60-ஐத் தொட்டால் எஞ்சின் கத்தும். 70-ல் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேச முடியாது. பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்ன் அடித்தே நம்மை ஓரம் கட்டுவார். "பின் ஆக்சிலை மாத்திடுங்கண்ணே, சும்மா பறக்கும்" என்றார் மெக்கானிக். அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தச் சாக்கு மூட்டை.

ஆக்சிலை மாற்றினால் வண்டி ஏன் பறக்க வேண்டும்? எனக்கும் புரியவில்லை. மெக்கானிக் ஒரு சாக்பீஸை வைத்துப் புரியவைத்தார். பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்திலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஒவ்வொரு கோடு போட்டார். ஒரு சக்கரத்தை சித்தப்பாவும் இன்னொன்றை அவரும் ஒன்றாகச் சுற்ற, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று நான் எண்ணினேன். சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றையும் தாண்டி, ஆறாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போய் நின்றது. "அஞ்சு முப்பத்தெட்டு" என்றார் அவர். அதாவது 5.38. உள்ளே இருக்கும் கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 8 பல். 43-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்.

இந்த 5.38 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பில் இது 4.88 ஆகத்தான் இருந்தது. 1945-ல் போர் ஓய்ந்ததும், அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்கலாம் என்று வில்லிஸ் கம்பெனி சி.ஜே.2ஏ என்ற மாடலைக் கொண்டுவந்தது. கலப்பை இழுக்க வேண்டும், சேற்றில் சுமை இழுக்க வேண்டும் என்று பல் கணக்கை 5.38 ஆக்கினார்கள். வேகம் குறையும், இழுவை கூடும். பின்னால் வந்த சி.ஜே.3பி மாடலும் அப்படியே. 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்த மகிந்திரா, பிறகு அந்த சி.ஜே.3பி-யைப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தயாரித்தது. ஆக, சித்தப்பாவின் வண்டி நெடுஞ்சாலையில் கத்துவது கோளாறு அல்ல. அது வயலுக்கென்று கணக்குப் போட்டுச் செய்த வண்டி.

மரத்தடியில் கிடப்பது பின்னாளில் வந்த ஒரு டீசல் ஜீப்பிலிருந்து கழற்றிய ஆக்சில். அதில் 41 பல்லுக்கு 10 பல், அதாவது 4.10. ஜீப் டயரின் விட்டத்தைச் சுமார் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போக, பழைய ஆக்சிலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்ற வேண்டும். புதியதில் சுமார் 2,450 போதும். பழைய ஆக்சிலில் 60-ல் போகும்போது எஞ்சின் எவ்வளவு சுற்றுமோ, ஏறக்குறைய அதே சுற்றில் 80-ல் போகலாம். காகிதத்தில் பார்த்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆனால், எஞ்சினுக்கு மட்டும்தான் 60-ம் 80-ம் ஒன்று. பிரேக்குக்கு அல்ல. 60-ல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 80-ல் போகும் அதே வண்டியை நிறுத்த, பிரேக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும். சித்தப்பா வண்டியில் நான்கு சக்கரத்திலும் சின்ன டிரம் பிரேக். அதிலும் ஒற்றை சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் கசிந்தால், நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மிதிக்கும்போது பெடல் தரையைத் தொட்டால்தான் விஷயம் தெரியவரும். இவ்வளவு நாள் எஞ்சின் போட்ட கத்தல்தான் சித்தப்பாவின் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கத்தலையும் நிறுத்திவிட்டால்?

இன்னொன்று, ஸ்பீடோமீட்டர். ஜீப்பில் அதன் கேபிள் ஆக்சிலுக்கு முன்னாலேயே, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கிளம்புகிறது. ஆக்சிலில் பல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 78-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். மீட்டருக்கான சின்ன கியரையும் சேர்த்து மாற்றாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. இதை மெக்கானிக் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான், "ஆமாண்ணே, அதுவும் இருக்கு" என்றார்.

மாற்றும் வேலையும் நான்கு யூ போல்ட்டைக் கழற்றி மாட்டுவதோடு முடியாது. பட்டை உட்காரும் இடம் பொருந்த வேண்டும். பினியன் முகம் சரியான சாய்வில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஜாயிண்ட் அதிரும். ஷாஃப்டை வெட்டி நீளத்தைச் சரிசெய்ய வேண்டி வரலாம். இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. அதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன் ஆக்சில். பின்னால் 4.10 வைத்து, முன்னால் 5.38-ஐ அப்படியே விட்டுவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பிடிமானமுள்ள தரை என்றால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். ஒன்று, முன் ஆக்சிலையும் மாற்றிச் செலவை இரட்டிப்பாக்க வேண்டும். இல்லை, நான்கு சக்கர இழுவையை மறந்துவிட வேண்டும்.

இதைக் கேட்டதும் சித்தப்பா பேசாமல் இருந்தார். எனக்கு 2018 நவம்பர் ஞாபகம் வந்தது. கஜா புயல் அடித்த மறுநாள், விழுந்த பலாமரங்களையும் தென்னைகளையும் பாதையிலிருந்து இழுத்துப் போட்டது இந்த வண்டிதான். சேற்றில், லோ கியரில், நான்கு சக்கரமும் இழுக்க, மனுஷன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டே மரத்தை இழுத்தது. நெடுஞ்சாலையில் நாங்கள் திட்டிய அதே 5.38 தான் அன்றைக்கு வழியைத் திறந்துவிட்டது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். "பல் எண்ணிக்கை ஆர்.சி. புக்கிலயா இருக்கு?" என்று மெக்கானிக் சிரித்தார். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து குனிந்து பார்க்கும்போதும் அப்படிச் சிரிக்க முடியுமா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

50 வயது தாண்டிவிட்டதே, விண்டேஜ் என்று பதியலாமே என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். 2021 ஜூலையில் வந்த விதிப்படி பதியலாம்தான். கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுக்கலாம். மகள் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுபோவது அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசியில் சித்தப்பா ஆக்சிலுக்கு ஒதுக்கியிருந்த காசில் பாதியை பிரேக்கில் போட்டார். டிரம், லைனிங், குழாய் எல்லாம் புதுசு. ஸ்டீயரிங் ஜாயிண்டுகளையும் மாற்றினார். எஞ்சினைத் தொடவில்லை, பல்லையும் தொடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு, லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறார். 50-ஐத் தாண்டவில்லை. கீரனூரில் நிறுத்தி டீ குடித்துவிட்டு, டிரம் சூடாகியிருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாராம். ஏழு மணிக்குத் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அக்கா, அப்பா வந்துட்டார். தெரு முழுக்க பலாப்பழ வாசனை. அந்த ஆக்சில் இன்னும் மரத்தடியிலயா கிடக்கு? அம்மா கேக்கச் சொன்னாங்க."