வெள்ளி விடியற்காலை

திருவரங்கத்தில் குடியிருப்பவனுக்குக் கார்த்திகை மாதத்திலேயே ஒரு கடமை வந்து சேர்ந்துவிடும். வைகுண்ட ஏகாதசி என்றைக்கு, பரமபத வாசல் எப்பொழுது திறக்கிறது, எத்தனை மணிக்கு வந்தால் நம்பெருமாளைச் சேவிக்க இயலும் என்று வெளியூர் உறவினர் அனைவருக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்பொறுப்பு என்னுடையது. கைப்பேசி வந்த பின்னரும் நான் அதனைக் கடிதமாகவே எழுதி வருகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கடிதம் எழுதியே பழகிய கை அல்லவா! தேதி, கிழமை, நேரம் மூன்றையும் தனித்தனி வரியில் எழுதி அடிக்கோடும் இட்டுவிடுவேன். ‘இதற்குமேல் ஒருவரால் தெளிவாக எழுத இயலாது’ என்னும் கர்வம் எனக்கு நெடுநாள் இருந்தது. அக்கர்வம் கழன்ற கதையைத்தான் இவ்வாரம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டு. பணி ஓய்வுக்கு ஓராண்டு இருந்த சமயம். அவ்வாண்டு வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. மன்னார்குடியில் இருந்த என் மூத்த தமக்கைக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஏகாதசியன்று நம்பெருமாள் இரத்தினாங்கி சாத்திக்கொண்டு பரமபத வாசலைக் கடந்து எழுந்தருளும் அந்தக் காட்சியை, பிள்ளைப் பிராயத்தில் எங்கள் தகப்பனாரின் தோளில் அமர்ந்து கண்டவர் அவர். அதன் பிறகு திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. “இந்த ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்” என்று சொல்லியிருந்தார்.

நான் எழுதினேன்: ‘29ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை பரமபத வாசல் திறப்பு. மூன்று மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆகையால் இரவே வந்து தங்கிவிடவும்.’

வியாழன் இரவு பதினொரு மணி வரை வாசல் திண்ணையில் காத்திருந்தேன். அக்கா வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. உடல்நலம் சரியில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு, நானும் என் மனைவியும் மட்டும் சென்று சேவித்துத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரம். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் எண் பேருந்தைப் பிடித்து, ஒரு துணிப்பையும் வாழை இலையில் பொதிந்த துளசி மாலையுமாக அக்கா வந்து இறங்கினார். அன்று முழுதும் உபவாசம். முகம் வாடியிருந்தது, கண்களில் மட்டும் அத்தனை மகிழ்ச்சி. “இரவே வந்துவிடச் சொன்னாயே, வந்துவிட்டேன். மூன்று மணிக்கு எழுப்பிவிடு. எழுப்புவது என்ன, நான் எங்கே தூங்கப் போகிறேன்?” என்றார்.

எனக்கு வந்தது இரக்கமன்று, கோபம். அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். “வாசல் காலையிலேயே திறந்தாகிவிட்டது அக்கா. தெளிவாகத்தானே எழுதியிருந்தேன்!” என்றேன். அவர் பையிலிருந்த கடிதத்தையே வாங்கி, அடிக்கோடிட்ட வரியில் விரலை வைத்துப் படித்தும் காட்டினேன். வங்கியில் கணக்கில் பிழை செய்த இளநிலை எழுத்தரிடம் காட்டுவது போல.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “நீ எழுதினதில் தப்பில்லைடா. ஏகாதசி என்றால் பகலெல்லாம் உபவாசம், இராத்திரியெல்லாம் கண்விழிப்பு. அதெல்லாம் முடிந்து விடியும்போதுதானே வாசல் திறக்கும் என்று நினைத்தேன். ஏகாதசி வெள்ளிக்கிழமை. அதன் விடியற்காலை என்றால் அந்த இராத்திரிக்குப் பிறகு வருவதுதானே?”

நான் வாயடைத்துப் போனேன். ஏனெனில் அவருடைய கணக்கில் பிழை ஏதும் இல்லை. நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரியோதயம் முதல் அடுத்த சூரியோதயம் வரை அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம். அக்கணக்கின்படி வெள்ளிக்கிழமை தொடங்குவது வெள்ளியன்று கதிரவன் உதிக்கும்பொழுது. அது முடிவது சனிக்கிழமைக் கதிரவன் உதிக்கும்பொழுது. ஆகவே வெள்ளிக்கிழமையின் விடியற்காலை என்பது, கடிகாரத்தின்படி சனிக்கிழமை அதிகாலையே ஆகும். நானோ நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாளை மாற்றும் ஆங்கிலக் கணக்கில் எழுதினேன். பற்று வரவை அக்கணக்கிலேயே பதிந்து பதிந்து, உலகத்துக்கு அது ஒன்றுதான் கணக்கு என்று நம்பியிருந்தேன். ‘இரவே வரவும்’ என்று எழுதியவன் எந்த இரவு என்று எழுதவில்லை. எனக்கு அது கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றவில்லை.

இதனைப் பின்னொரு நாள் என்னோடு பணியாற்றிய இஸ்லாமிய நண்பரிடம் சொன்னேன். நத்தர்வலி தர்காவுக்கு அருகில் குடியிருப்பவர். அவர் சிரித்துவிட்டு, “எங்கள் வீட்டில் ‘வெள்ளி இரவு’ என்றால் உங்களுக்கு அது வியாழக்கிழமை இரவு” என்றார். அவர்களுக்கு நாள் பிறப்பது கதிரவன் மறையும்பொழுது. திருச்சி என்னும் ஓர் ஊருக்குள்ளேயே மூன்று விதமாக நாள் பிறக்கிறது. மூவரும் ‘வெள்ளி’ என்னும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறோம்!

உண்மையில் வங்கியிலேயே எனக்கு இப்பாடம் ஒருமுறை கிடைத்திருந்தது. நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்றும், மற்றச் சனிக்கிழமைகளில் முழு நாள் வேலை என்றும் விதி வந்தது. அதுவரை எல்லாச் சனிக்கிழமையும் அரை நாள். புதிய விதியை நல்ல தமிழில் எழுதிக் கிளையின் வாசலில் ஒட்டினேன். ஆயினும் ஓய்வூதியம் வாங்க வரும் முதியோர் பூட்டிய கதவின் முன் வந்து நின்று திரும்பினர். ‘படித்துப் பார்க்கக் கூடாதா?’ என்று அலுத்துக்கொண்டேன். அவர்கள் படித்துத்தான் இருந்தார்கள். நான் எண்ணியது சனிக்கிழமைகளை. அவர்களுள் பலர் எண்ணியது வாரங்களை. மாதம் சனிக்கிழமையில் பிறந்தால் எட்டாம் தேதியே இரண்டாம் சனி. ஆனால் முதல் முழு வாரத்திலிருந்து எண்ணுகிறவருக்கு அது முதல் சனிதான். எங்கள் கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு நாள் என்னைக் கேளாமலேயே கரும்பலகையில், ‘இந்த மாதம் 12, 26 பேங்க் லீவு’ என்று எழுதி வைத்தார். அத்தோடு குழப்பம் தீர்ந்தது. நான் விதியை எழுதினேன். அவர் வருகிறவருக்கு வேண்டியதை எழுதினார்.

இவ்விரண்டு பாடங்களும் 2021ஆம் ஆண்டில் எனக்குக் கைகொடுத்தன. அவ்வாண்டு நடந்தது அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். சென்னைத் திருவல்லிக்கேணி முதலான திவ்யதேசங்களில் வைகுண்ட ஏகாதசி 2022 ஜனவரி 13ஆம் தேதி, மார்கழியின் கடைசி நாளில். திருவரங்கத்திலோ ஒரு மாதம் முந்தி, 2021 டிசம்பர் 14ஆம் தேதி, கார்த்திகை 28இலேயே நடந்துவிட்டது. காரணம் இதுதான்: ஏகாதசியன்று தொடங்கும் இராப் பத்து பத்து நாள் நடைபெற வேண்டும். ஜனவரி 13இல் தொடங்கினால் அது தை மாதத்துக்குள் புகுந்து, புனர்பூசத்தை ஒட்டி நடக்கும் தைத்தேர்த் திருநாளோடு மோதும். ஒரே உற்சவ மூர்த்தி இரு திருவிழாக்களில் எழுந்தருள்வது எங்ஙனம்? ஆகவே முந்தைய வளர்பிறை ஏகாதசியை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு நேர்வதுண்டு என்பர். பத்தொன்பது சூரிய ஆண்டுகளும் இருநூற்று முப்பத்தைந்து சந்திர மாதங்களும் ஏறத்தாழச் சமம் என்பதால், திதியும் தேதியும் அத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே திரும்பி வருகின்றன.

முதலில் வழக்கம்போல், ‘டிசம்பர் 14, செவ்வாய்க்கிழமை’ என்றுதான் எழுதி அனுப்பினேன். பெங்களூரிலிருந்து என் தம்பி மகன் அழைத்தான். “பெரியப்பா, தேதியைத் தவறாக எழுதிவிட்டீர்கள். காலண்டரில் ஜனவரி 13 என்று இருக்கிறது. நானே திருத்திக்கொண்டு ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன்” என்றான். பழைய நானாக இருந்தால் அவனைக் கடிந்திருப்பேன். அன்று அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. உடனே அமர்ந்து அனைவருக்கும் வேறொரு கடிதம் எழுதினேன். அதன் முதல் வரியில் தேதியே இல்லை. ‘உங்கள் வீட்டுக் காலண்டரில் ஜனவரி 13 என்று அச்சிட்டிருக்கும். மற்றக் கோயில்களுக்கு அது சரியே. அரங்கனுக்கு மட்டும் இவ்வாண்டு ஒரு மாதம் முந்தி’ என்று தொடங்கி, காரணத்தைச் சொல்லி, அதன் பிறகே தேதியை எழுதினேன். நேரத்தை, ‘திங்கட்கிழமை இரவு கழிந்து செவ்வாய்க்கிழமை பொழுது புலர்வதற்கு முன்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் குழம்பவில்லை. தம்பி மகனும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டான்.

கோயில் விழா அழைப்பிதழ், சஷ்டியப்த பூர்த்திப் பத்திரிகை, திருமணப் பத்திரிகை முதலியவற்றை எழுதும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அதிகாலை முகூர்த்தமாயின் எந்த இரவு கழிந்த அதிகாலை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ‘எட்டு நாளில்’ என்று எழுதாமல் தேதியையே எழுதுங்கள். நம்மவர் எட்டு நாள் என்று சொல்வது பெரும்பாலும் ஏழு நாளைத்தான். எழுதி முடித்ததும், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கொடுத்து, ‘இதன்படி எப்பொழுது புறப்படுவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எவரும் புரிந்தது என்றுதான் சொல்வர்.

அக்காவின் கதையை முடிக்கவில்லையே! மறுநாள் சனிக்கிழமை, துவாதசி. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை முடிந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவும் கூசிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், “இராப் பத்து நடக்கிறதே, பிற்பகலில் வாசல் திறப்பார்களே” என்று நினைவூட்டினாள். அழைத்துச் சென்றேன். கூட்டம் குறைந்திருந்தது. அக்கா என் கையைப் பற்றிக்கொண்டு, அவசரமின்றிப் பரமபத வாசலைக் கடந்தார். ஏகாதசி விடியலின் இரத்தினாங்கிச் சேவை அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த ஆண்டும் அவரால் வர இயலவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவர் இல்லை.

அன்று வாசலைக் கடந்ததும் அவர் திரும்பிப் பார்த்து, “அப்பா தோளில் இருந்தபோது இந்த வாசல் இன்னும் உயரமாக இருந்ததடா” என்றார். என் கடிதத்தைப் பற்றி அவர் பிறகு ஒருபோதும் பேசவில்லை. அதனை அவர் துணிப்பையிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் உறவினருக்கு எழுத அமரும்போது, அந்த அடிக்கோடிட்ட வரியை ஒருமுறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.