சீனம் கற்கச் செல்வோர்

சீன மொழியிலே நம்முடைய ‘மை’ என்னுஞ் சொல்லைப் போல ஒலிக்கும் இரண்டு சொற்கள் உள. குரலைத் தாழ்த்திப் பின் சிறிது உயர்த்திச் சொன்னால் வாங்குதல் என்று பொருள். மேலிருந்து சடுதியாக இறக்கிச் சொன்னால் விற்றல் என்று பொருள். எழுத்தில் இரண்டும் வெவ்வேறு. செவிக்கோ தொனி ஒன்றே வேறுபாடு. வணிகம் பயிலச் சீனஞ் செல்லும் மாணாக்கர் முதலில் இடறுங் கற்களுள் இதுவும் ஒன்று. வாங்கப் போனவர் விற்க வந்தவராகி நிற்பார்.

இதை எனக்குச் சொன்னவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பாடங் கேட்ட ஓர் இளைஞர். கைத்தொலைபேசியின் துணைகொண்டு தாமாகவே சிறிது சீனம் படித்திருக்கின்றார். சென்ற மாதம் ஒரு விளம்பரத் தாளுடன் வந்தார். ஷாங்காய் நகரிலே நான்கு மாதப் படிப்பு. காலையில் மொழி வகுப்பு. மாலையில் வணிகப் பாடங்களுள் விரும்பியவை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு கம்பனியிலே தொழிற்பயிற்சி. கட்டணத்துக்காக வீட்டார் காணியொன்றை ஈடு வைக்க ஆயத்தமாயிருக்கின்றனர். “ஐயா, போகலாமோ?” என்று கேட்டார். இலக்கண ஆசிரியனிடம் கேட்குங் கேள்வி அன்று. ஆயினும் காணி ஈடு போகும் விடயத்திலே “எனக்குத் தெரியாது” என்று தப்பிக்கொள்ள மனம் வரவில்லை. அவரை இரண்டு வாரங் கழித்து வருமாறு சொல்லிவிட்டுத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மக்கள் சீனம் தோன்றிய மறு ஆண்டு, 1950 இல், கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து 33 மாணவர் பெய்ஜிங்கிலுள்ள சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு வந்தனர். அவர்களுக்கென ஒரு தனி மொழி வகுப்பு அமைக்கப்பட்டது. முதலில் மொழி, மற்றவை பிறகு. 2018 ஆம் ஆண்டில் 196 நாடுகளிலும் பிரதேசங்களிலுமிருந்து வந்து சீனத்தில் இருந்தோர் தொகை 4,92,185 என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சு கணக்குக் காட்டியது. இவர்களிலே பட்டத்துக்குப் படித்தோர் பாதிக்குச் சற்று மேல். மற்றையோர் மொழிப் படிப்பு, குறுகிய காலப் படிப்பு முதலியவற்றுக்கு வந்தவர்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே கொள்ளைநோய் காரணமாகக் கதவு அடைபட்டது. 2022 ஆகத்தில்தான் மாணவருக்குப் பரவலாக விசா மீண்டுங் கிடைக்கத் தொடங்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் பலர் தம் வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துச் சீனம் படித்தனர். தொனியைத் திரைவழியே கற்றவர் நிலை எப்படியோ!

சரி, நான்கு மாதத்தில் எவ்வளவு மொழி வரும்? சீன மொழித் தேர்ச்சிக்கு எச்.எஸ்.கே. என்றொரு பரீட்சை உண்டு. 2010 இல் வகுத்த முறைப்படி அதற்கு ஆறு படிகள். முதற்படிக்கு 150 சொற்கள். நான்காம் படிக்கு 1,200. ஆறாம் படிக்கு 5,000. 2021 இல் வெளியிட்ட புதிய தரவரிசை ஒன்பது படிகளும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுங் கொண்டது. வெறுங்கையுடன் போகும் ஒருவர், வாரத்தில் பாதி நேரத்தை வணிகத்துக்கும் கம்பனிக்குங் கொடுத்துவிட்டு, நான்கு மாதத்தில் கடையிலே விலை கேட்கவும் வழி விசாரிக்கவும் கற்கலாம். ஓர் உடன்படிக்கையைப் படித்து விளங்குவது அவர்க்குக் கனவு. சீன அரசாங்கமே தன் புலமைப்பரிசிலில் சீனமொழிவழிப் பட்டப்படிப்புக்கு வருவோருக்கு, மொழி போதாதவிடத்து, முதலில் ஓராண்டு முன்னோடிப் படிப்பு வைத்திருக்கின்றது. வீட்டுக்காரர் ஓராண்டு என்கின்றார்; இடையிலே நிற்கும் விளம்பரக்காரர் நான்கு மாதம் என்கின்றார்.

வணிகப் பாடங்களைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. இத்தகைய குறுகிய படிப்புக்களில் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. நூல் வாங்கி ஊரிலிருந்தே படிக்கத்தக்கவை. ஆனால் 1957 முதல் குவாங்சோ நகரில் இளவேனிலிலும் கூதிரிலும் கூடும் கன்ரன் சந்தையையும், ஈவு நகரத்து மொத்த வியாபார மண்டபங்களையும் கண்ணாற் காண்பது வேறு.

தொழிற்பயிற்சிக்குச் சீனர் வழங்குஞ் சொல் இரண்டெழுத்தால் ஆனது. முன்னெழுத்து உண்மையைக் குறிப்பது. பின்னெழுத்து பயிலுதலைக் குறிப்பது. பின்னெழுத்தின் பழைய வடிவத்தை இளைஞர் எனக்கு எழுதிக் காட்டினார். மேலே இரண்டு சிறகுகள். பறவைக் குஞ்சு மீண்டும் மீண்டும் பறந்து பழகுவது என்று பழைய அகராதி பொருள் கூறுமாம். இக்கால எளிய எழுத்தில் ஒரு சிறகுதான் எஞ்சியிருக்கின்றது. எழுத்தை எளிமையாக்கியோர் இந்தத் தொழிற்பயிற்சிகளை முன்னரே அறிந்திருந்தார்கள் போலும்!

பரிகாசம் நிற்க. சட்டத்தைப் பார்த்தல் வேண்டும். 2013 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, படிப்புக்கான வதிவிட அனுமதி பெற்ற அயல்நாட்டு மாணவர் வளாகத்துக்கு வெளியே வேலையோ பயிற்சியோ செய்வதாயின், முதலில் கல்விக்கூடத்தின் சம்மதம் பெறவேண்டும். பின்னர்ப் பொலிசார் அவ்வனுமதியில் இடத்தையும் காலத்தையும் குறித்துக் கொடுக்கவேண்டும். 180 நாளுக்கு மேற்படாத படிப்புக்கு வழங்கப்படுவது குறுகிய விசா. அதில் வந்தவரிடம் வதிவிட அனுமதியே இல்லை. குறிப்பு எதன் மேல் எழுதுவது? விதி மீறி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம். குற்றம் பெரிதாயின் ஐந்து முதல் பதினைந்து நாள் மறியலும் உண்டு. இளைஞர் கொண்டுவந்த தாளிலே இவை பற்றி ஓர் எழுத்துத்தானும் இல்லை.

அனுமதி கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். கம்பனியிலே என்ன வேலை கிடைக்கும்? 2024 இல் சீனத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறிய பட்டதாரிகள் 1 கோடியே 17 இலட்சத்துக்கு மேல். 2023 யூனில் பதினாறு முதல் இருபத்துநான்கு வயது வரை உள்ளோரிடை வேலையின்மை நூற்றுக்கு 21.3. அதன் பின் அந்த எண்ணை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்தி, மாணவரைக் கழித்துக் கணக்கிடும் புதிய முறையோடு மீண்டும் வெளியிட்டார்கள். சொந்த நாட்டுப் பிள்ளைகளே பயிற்சியிடந் தேடி அலையும்போது, முந்நூறு சொல் அறிந்த அந்நியருக்குக் கொடுக்க ஒரு நிருவாகத்திடம் என்ன இருக்கும்? ஆங்கிலக் கடிதந் திருத்துவதுதான். சீனங் கற்கப் போனவர் சீனம் பேசாத மூலையில் அமர்த்தப்படுவார். இந்த ஏற்பாட்டிலே என் மனத்தை உறுத்துவது இதுவே. மொழி வயிற்றுக்கு உதவும் இடம் என்று சொல்லி அழைத்துச் சென்று, அந்த இடத்திலேயே மொழிக்கு வேலை இல்லாமற் செய்துவிடுகின்றார்கள்.

பண்டிதன் ஆகையால் வணிகத்தை இகழ்கின்றேன் என்று எண்ணவேண்டா. மொழியும் வணிகமும் நெடுங்கால உறவினர். சீனத்துத் துறைமுகமாகிய சுவான்சோவிலே 1281 ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. அங்கே போய் வாழ்ந்த தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயில் எடுத்ததன் சான்று. காலியில் 1911 இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்து அகப்பட்ட சாசனமோ சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பொறிக்கப்பெற்றது. 1409 ஆம் ஆண்டினது. செங் ஹோவின் கப்பற்படையோடு வந்த கல் அது. அதற்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவர் நான்கு மாதத்தில் தமிழ் படித்தவர் அல்லர் என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

எதிர்த்திசையில் மாணவராய் வந்த சீனர் ஒருவர் உளர். இத்சிங் என்னுந் துறவி 671 இல் குவாங்சோவிலே கப்பலேறினார். நாளந்தாவுக்கு நேரே போகவில்லை. சுமாத்திராவிலிருந்த ஸ்ரீவிசயத்தில் ஆறு மாதந் தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். அவ்வாறு மாதம் போதாது என்று கண்டார் போலும். பின்னர் வருவோர் அங்கே ஓரிரண்டு ஆண்டு பயின்று அதன்மேல் இந்தியா செல்லுதல் நன்று என்று எழுதிவைத்தார். நாளந்தாவில் அவர் கழித்த காலம் பத்து ஆண்டளவு.

இரண்டு வாரங் கழித்து இளைஞர் வந்தார். “தம்பி, நீர் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்குப் போகவேண்டாம் என்கிறேன்” என்றேன். புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து, மொழிக்கென முழு ஓராண்டு கேளும் என்றேன். தொழிற்பயிற்சி வேண்டுமாயின் வதிவிட அனுமதியிலே குறிப்பு எழுதித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கும் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “அது கிடைக்காவிட்டால், ஐயா?” என்றார். அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இருக்கவில்லை. விண்ணப்பத்துக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காணியின் உறுதியை இன்னும் பெட்டிக்குள் திருப்பி வைக்கவில்லை என்று அவருடைய தாயார் சொல்லக் கேட்டேன்.