மணல் நம்முடையது, அறிவு யாருடையது?

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிப் பெருமை பேசாத தமிழ் மாணவர் இங்கே இல்லை. அம்மணலிலிருந்து உலோகம் எப்படிப் பிரிகிறது என்று கேட்டாலோ, வாய் திறப்பாரும் இல்லை! இந்நிலை மாறவேண்டும் என்பதே என் கருத்து.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைப் பகுக்க 1952-இல் ஆலுவாயில் ஆலை எழுந்தது. அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மணவாளக்குறிச்சி, 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. இங்கே பாப்பனங்கோடு ஆய்வகத்திலும் இத்துறை ஆய்வுகள் நடந்துள்ளன.

மோனசைட்டிலுள்ள அருமண் உலோகங்கள் உடன்பிறந்தார் போல ஒத்தவை. அவற்றின் அயனிகளை நீரிலிருந்து மண்ணெண்ணெய்க்கு இழுக்க ஓர் அமிலச் சேர்மம் பற்றுகிறது. ஆனால் அயனியோடு ஒட்டிய நீர் மூலக்கூறுகள் அதை எண்ணெய்க்குள் போகவிடாமல் தடுக்கின்றன. பினாந்த்ரோலின் போன்ற கரிமக் காரத்தையும் சேர்த்தால், அது அந்நீரைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது. அயனியும் எளிதில் எண்ணெய்க்குள் ஏறுகிறது. இரண்டும் தனித்தனியே இழுப்பதைக் கூட்டினாலும் இந்த அளவு வராது. இதுவே கூட்டாற்றல். ஹார்வெல்லில் கனிங்ஹாமும் துணைவரும் 1954-இல் பிரசியோடிமியம், நியோடிமியம் அயனிகளிடம் இதைக் கண்டனர்.

ஆயினும் நிறைய இழுப்பது வேறு; பிரித்து இழுப்பது வேறு. கூட்டு வலுத்தால் வேண்டாததும் சேர்ந்தே ஏறலாம். இழுத்த அளவை மட்டும் சொல்பவர் பாதி உண்மையே சொல்கிறார்.

மணலின் கதையும் அத்தகையதே. நம் கரையின் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 9 விழுக்காடு. அது கதிர்வீசும்; ஆலைக் கழிவை விழிப்போடு காக்கவேண்டும். 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் எதிர்த்தனர். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை ஆங்கில ஏடுகளில் உறங்கினால் யாருக்குப் பயன்? விலையை மட்டும் சொன்னால் ஏமாற்று; கதிரை மட்டும் சொன்னால் அச்சுறுத்தல். இரண்டையும் எடைபோட்டு அவர்கள் மொழியில் சொல்வது படித்தவன் கடன்.

'தமிழில் கலைச்சொல் ஏது?' என்பர் சிலர். புழங்கினால் சொல் நிலைக்கும். புழங்காத சொல் அகராதியிலேயே மடியும். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர் விட்டு வந்த நமக்கு ஒரு வேண்டுகோள்: இம்மலரில் இதழ்தோறும் ஒரு பக்கம் அறிவியலுக்கு ஒதுக்குவோம். விடுமுறையில் ஊர் போகும்போது அப்பக்கத்தைக் கையோடு கொண்டுபோய் நம் மக்களுக்குப் படித்துக் காட்டுவோம். அவர்கள் கேள்வி கேட்கட்டும். விடை சொல்ல நாம் படித்துக்கொள்வோம்!