விசில் பிடித்த அறிவியல் வாத்தியார்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அட்டவணை வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். கணக்குக்கு முன்னால் போதிய இடைவெளி விட்டிருக்கிறார்களா, வெயில் எப்படி இருக்கும் என்றெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பையன் வந்தான். "அங்கிள், இனிமே எங்களுக்கு பி.டி. பீரியடே கிடையாதாம். எல்லாம் மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் போயிடுச்சு." சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. அட்டவணை கிடக்கட்டும்.

பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் வாத்தியார்களோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழங்கதை. போன தடவை எழுதியபோது, "சிலபஸை நீர் வந்து முடித்துத் தருவீரா?" என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, பதில் இப்போதுதான் கைக்கு வந்தது.

எரிக் லிடல் என்றொரு அறிவியல் வாத்தியார். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கினவர். படம் அந்த ஓட்டத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறது. மறு வருஷமே மனுஷன் சீனாவின் தியான்ஜினுக்குப் போய், ஒரு மிஷன் கல்லூரியில் அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு வருகிற கதைதான்.

போர் வந்தது. ஜப்பானியர்கள் வட சீனாவிலிருந்த வெளிநாட்டாரை 1943-இல் ஷான்டுங் மாகாணத்து வெய்ஷியனில், பழைய மிஷன் வளாகம் ஒன்றில் அடைத்தார்கள். ஏறக்குறைய 1,500 பேர். லிடல் மனைவி மக்களை முன்பே கனடாவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே பிறந்த மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

அதே முகாமுக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்து சேர்ந்தது. கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1881-இல், ஹட்சன் டெய்லரின் சீன உள்நாட்டு மிஷன் கடற்கரை ஊரான சீஃபூவில் தொடங்கிய பள்ளி இது. பெற்றோர் எங்கோ உள்நாட்டில் ஊழியத்தில் இருந்தார்கள். சில பிள்ளைகள் ஐந்து வருஷத்துக்கு மேல் அப்பா அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனைக்கும் பொறுப்பு வாத்தியார்கள்தான்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். பிள்ளைகளின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று முட்டை ஓட்டை அரைத்துப் பொடியாக்கி ஸ்பூனில் வாயில் திணித்தார்கள். மண்ணைத் தின்பதுபோல் நறநறக்கும். சனிக்கிழமைதோறும் மூட்டைப்பூச்சி வேட்டை. தகர டப்பாவில் சோளக்கஞ்சி குடிக்கும்போதும் நிமிர்ந்து உட்கார வேண்டும், வாயில் சோறோடு பேசக் கூடாது. அரண்மனைக்கு ஒரு மரியாதை, முகாமுக்கு ஒரு மரியாதை என்று இரண்டு கிடையாது என்பது ஆசிரியைகளின் சட்டம். இத்தனைக்கும் நடுவே பெரிய பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வும் எழுதினார்கள்.

லிடல் ஆய்வகம் இல்லாத வகுப்பில் கருவிகளைத் தாளில் வரைந்து வேதியியல் நடத்தினார். வகுப்பு முடிந்தால் கிழவர்களுக்குத் தண்ணீரும் கரியும் சுமந்தார். சாயங்காலம் பிள்ளைகளுக்கு விளையாட்டு. உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கிழிந்த படுக்கைத் துணியால் சுற்றி ஒட்டித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. பையன்கள் கேட்பார்களா? ஒரு ஞாயிறு தாங்களே ஹாக்கி ஆடி, அடிதடியில் முடித்தார்கள். அடுத்த ஞாயிறு மைதானத்தில் விசிலோடு நின்றவர் லிடல். ஒலிம்பிக்குக்காகத் தளர்த்தாத விரதத்தை, பிள்ளைகள் மண்டை உடையக் கூடாதென்று தளர்த்தினார்.

எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத்தான் லாங்டன் கில்கியின் 'ஷான்டுங் காம்பவுண்ட்' (1966) என்ற புத்தகத்தை ஊரெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறேன். கில்கி அந்த முகாமில் அடைபட்ட இளம் அமெரிக்க ஆசிரியர். அறை ஒதுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. படுக்கை போட ஒரு சாண் இடம் விட்டுக்கொடுக்கப் படித்தவர்களும் பக்திமான்களும் எப்படியெல்லாம் நியாயம் பேசினார்கள் என்று எழுதுகிறார். 1945 தொடக்கத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைப் பொட்டலங்கள் வந்தன. முகாமில் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும். ஆனால் அமெரிக்கர் சிலர், இது எங்கள் நாட்டுச் சாமான், முழுவதும் எங்களுக்கே என்று தடுத்தார்கள். பங்கீடு நின்றுபோனது, பசித்த ஜனம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றது. டோக்கியோவிலிருந்து உத்தரவு வந்த பிறகுதான் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. அந்தப் புத்தகத்தில் கில்கி கிட்டத்தட்ட மகானாக மதிக்கும் மனிதர் ஒருவர் வருகிறார். பெயரை மாற்றியிருந்தாலும் லிடல்தான் அது.

லிடல் 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் இறந்தார், வயது 43. ஆகஸ்ட் 17-இல் ஏழு பேர் கொண்ட அமெரிக்க ராணுவக் குழு பாராசூட்டில் குதித்து முகாமை விடுவித்தது.

ஆகவே, கடிதம் எழுதிய ஐயா அவர்களே, முள்வேலிக்குள், கஞ்சி குடித்துக்கொண்டு, தேர்வும் நடந்தது, ஹாக்கியும் நடந்தது. ஒன்றுக்காக இன்னொன்றை அங்கே யாரும் பிடுங்கவில்லை. சிலபஸ் முடியவில்லை என்பது நம்மிடம் செல்லாது.

கில்கியின் புத்தகத்தை மட்டும் என்னிடம் இரவல் கேட்காதீர்கள். என் புத்தகங்கள் இரவல் போன கதையை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.